பகல் நித்திரை

காலை எட்டு நாற்பதுக்குப் படுத்தவர் இன்னும் நித்திரை கொள்ளவில்லை. தலைமாட்டு மணிக்கூட்டைப் பார்க்கக்கூடாது என்று அதைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்து, பார்க்காமல் எவ்வளவு நேரம் இருந்திருக்கிறோம் என்று அறியும் ஆசையில் மறுபடி இந்தப்பக்கம் திருப்பி, பத்து ஐந்து என்று கண்டு தவநேசன் கணக்குப் பார்த்தார். ஒன்றரை மணித்தியாலம் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தது நித்திரையில் சேருமா? மூடித்தானே இருந்தது. மூளைக்கு வித்தியாசம் தெரியாமல் ஏமாந்து போகாதா? ஏமாறாது, அவருடைய மூளை ஏமாறாத மூளை, பதினேழு வருடமாக இரவு பஸ் ஓட்டிப் பழகியது. ஆள் ஏறுமுன்னமே அவன் காசில்லாதவனா குடித்தவனா என்று சொல்லிவிடும். வலது காதைத் தலையணையில் வைத்தால் நாடி அடிப்பது கேட்டது. இடது பக்கம் திரும்பினால் அங்கேயும் கேட்டது, கொஞ்சம் வேகமாக. நிமிர்ந்து கிடந்தால் கேட்கவில்லை, ஆனால் கால் பெருவிரல் நமைத்தது, அதைச் சொறிய முழங்காலை மடக்கினால் போர்வை விலகிக் குளிர்ந்தது, மே மாதத்தில் என்ன குளிர், இந்த வெள்ளைக்கார ஊர் எப்போதும் இப்படித்தான். யன்னலுக்குக் கறுப்புச் சீலை. அவருக்கு இரவு வேலை கிடைத்த கிழமை மனைவி இந்திராணி தைத்துப் போட்டது, இரண்டு மடிப்பு, ஆனாலும் இரண்டு சீலையும் சந்திக்கும் இடத்தில் நூல்போல ஒரு வெளிச்சம் விழும். உடுப்புக் காயப்போடும் கவ்விகள் நாலு போட்டு அதையும் அடைத்திருந்தார். இருந்தும் வெளிச்சம் உள்ளே இருந்தது, எங்கிருந்து வருகிறதென்று தெரியவில்லை, இமைக்கு உட்பக்கத்தில் இருந்து வருகிறதோ என்னவோ. வாய் காய்ந்து நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது. தலையணைக்குக் கீழே கை போனது. ஒரு இழுவை. ஒன்றே ஒன்று, அதோடு நித்திரை வந்துவிடும். நுனியில் நீல வெளிச்சம் எரிந்து அணைந்தது.

சிகரெட் என்றால் படுக்கையறைக்குள் வந்திராது. முப்பது வருடக் கலியாணத்தில் ஒருநாளாவது படுக்கையறைக்குள் பத்தினது கிடையாது, இந்திராணி விடமாட்டாள், அவருக்கும் மனம் வராது. இந்த மின்சிகரெட்டுக்குப் புகை மணமில்லை, சாம்பலில்லை, அதனால் சட்டமும் இல்லை. முதலில் குளியலறைக்குள், பிறகு குசினிக்குள், பிறகு சோபாவில், பிறகு தலையணைக்குக் கீழே என்று நாய்க்குட்டிபோல அது வீட்டுக்குள் ஏறி வந்துவிட்டது. மாசி மாதம் ஆறாந்திகதி பார்மசியில் வாங்கியது. கவுன்டரில் நின்ற குஜராத்திப் பெண், மகளைவிட இளசு, மிகவும் பொறுமையாக விளங்கப்படுத்தினாள். இதற்குள்ளும் இருப்பது அதே நிக்கோட்டின்தான் அங்கிள், தார் இல்லை அவ்வளவுதான், அது ஆளை எழுப்புகிற சாமான், தூங்க வைக்கிற சாமானில்லை, படுக்கப்போக இரண்டு மணித்தியாலம் முன்னமே நிறுத்திப்போடுங்கள் என்றாள். அவர் தலையாட்டினார். ஒரு துண்டுக் கடதாசியும் தந்தாள், அது பனிக்கால ஜக்கெட்டின் பைக்குள் இன்னும் கிடக்கிறது. தலையாட்டினது பொய்யில்லை, அப்போது உண்மையாகவே அப்படிச் செய்யத்தான் நினைத்தார். ஆனால் சிகரெட் என்றால் அது முடியும். அதுதான் அதில் இருந்த நல்ல குணம். பற்றவைத்தால் ஏழு நிமிடத்தில் பஞ்சுக்கு வந்து விரலைச் சுடும், மிதித்து அணைக்க வேண்டும், அணைத்தால் முடிந்தது, வேலை முடிந்தது, நாள் முடிந்தது, போய்ப் படு. இதில் முடிகிற இடம் எதுவென்று அவருக்கு இன்றுவரைக்கும் பிடிபடவில்லை. இழுத்தால் வரும். இன்னும் இழுத்தாலும் வரும். போதும் என்று ஆர் சொல்வது? முன்பு ஒரு நாளைக்குப் பன்னிரண்டு என்று சொல்ல முடிந்தது, டொக்டர் கேட்டாலும் சொன்னார். இப்போது கேட்டால் என்ன சொல்வார்? ஒன்று. மாசி ஆறாந்திகதி தொடங்கிய ஒன்று, இன்னும் அணையவில்லை.

சரி, அப்படியென்றால் இதை நிறுத்தினால் நித்திரை வரும். வருமா? ஏனென்றால் இந்திராணி மகளிடம் போனது தை மாதக் கடைசிக் கிழமை, நித்திரை போனது மாசி நடுவில், இரண்டுக்கும் நடுவில்தான் இந்தக் கருவி வந்தது. எது எதைக் கொண்டுபோனது என்று எப்படிப் பிரித்துப் பார்ப்பது? ஒரே பஸ்ஸில் மூன்று பேர் இறங்கின பிறகு ஒருத்தருடைய குடை சீற்றில் கிடந்தால் அது ஆருடையதென்று கண்டுபிடிக்கலாமா? மகள் மதுராவுக்கு ரொறன்ரோவில் பிள்ளை பிறந்தது, பெண்பிள்ளை, முதல் பேரப்பிள்ளை. அம்மா வரட்டும் அப்பா, ஒரு மூன்று மாதம் என்றாள். நீங்களும் லீவெடுத்து வாங்கோ, ஆனால் சிகரெட் மணத்தோடை பிள்ளையைத் தூக்க விடமாட்டன், இப்பவே சொல்லிப்போட்டன் என்றும் சிரித்துக்கொண்டு சொன்னாள். சிரிப்பென்றாலும் அவருக்குத் தைத்தது. இந்திராணியை விமானநிலையத்தில் விட்டுவிட்டு வந்து எட்டு நாள் யோசித்து ஒன்பதாம் நாள் பார்மசிக்குப் போனார். சிகரெட்டை விட்டதைச் சொன்னபோது அங்கே எல்லாரும் சந்தோஷத்தில் புளுகப்பட்டுப்போனார்கள். மருமகன் போனை வாங்கி வாழ்த்துச் சொன்னான். அப்பா இந்த வயதில் விட்டிட்டார், உங்களுக்கு ஏலாதோ என்று மதுரா தன் மாமனாருக்குச் சொன்னாளாம். நித்திரையெல்லாம் எப்பிடி அப்பா என்று கேட்டபோது முதல்தரமாக வருகுது என்றார். அது ஒரு பொய். பொய் சொன்னபிறகு அதற்குப் பாலூட்டி வளர்க்கத்தானே வேண்டும். சித்திரை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இந்திராணியே போனில் கேட்டாள். பிள்ளைக்கு வயிற்றுக்குத்து, மதுரா சரியாகக் களைத்துப்போனாள், புரட்டாதி வரைக்கும் நிக்கட்டோ, உங்களுக்குக் கஷ்டமோ என்று கேட்டாள். அவர் உடனே, கேள்வி முடியமுன்னமே, நில்லும், எனக்கென்ன என்றார். அந்த எனக்கென்ன. அதை அவர் வாய் சொன்ன வேகம்தான் இப்போது நெஞ்சுக்குள் குறுக்கே கிடக்கிறது. கொஞ்சம் தாமதித்துச் சொல்லியிருக்கலாம். ஒரு செருமல் செருமியிருந்தால்கூட அவள் கண்டுபிடித்திருப்பாள். அவள் சரி அப்ப என்றாள். சரி அப்ப என்றால் என்ன அர்த்தம்? சந்தோஷமா, மனவருத்தமா? இவருக்கு நான் இல்லாமலும் ஓடுது என்று நினைத்தாளா? இருவருமாக இருந்த காலத்திலும் ஒரே நேரத்தில் ஒரே கட்டிலில் படுத்தது ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும்தான். அவர் வேலை முடிந்து வர அவள் வேலைக்கு வெளிக்கிடுவாள். அவர் பின்கதவுப் படியில் இருந்து கடைசிச் சிகரெட்டைப் பத்த, அவள் தேத்தண்ணியைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டு, ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்று கதைப்பாள். தண்ணி பில் வந்திருக்குது. பக்கத்துவீட்டுக் கிழவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிட்டினம். மீன் கரைய வைச்சிருக்கிறன். ஏழு நிமிடம். பிறகு அவள் போவாள், அவர் மேலே வந்து அவள் கிடந்த சூட்டில் படுப்பார். படுத்ததும் நித்திரை. அந்தச் சூட்டையா, அந்தத் தேத்தண்ணியையா, அந்தச் சிகரெட்டையா உடம்பு தேடுகிறது? உடம்புக்கு வாயிருந்தால் கேட்கலாம். வாய் இருக்கிறது, அதில் இப்போது மாம்பழ ருசி. மாம்பழம் என்று கருவிக்குள் விடுகிற திரவப் போத்தலில் எழுதியிருந்தது, எந்த நாட்டு மாம்பழமோ.

பள்ளிக்கூட இடைவேளை விட்டுவிட்டது, இரண்டு தெரு தள்ளிப் பிள்ளைகள் கத்துவது கேட்டது. அப்படியென்றால் பத்தரை. பஸ் கராஜிலும் இப்போது ஆரோ குப்பைத்தொட்டிகளுக்குப் பக்கத்தில் நின்று பத்திக்கொண்டிருப்பார்கள். இரவில் அந்த இடம் அவருக்கும் யூசுப்புக்கும் சொந்தம். யூசுப்பும் டிரைவர்தான், சோமாலிக்காரன், ஆறடிக்கு மேலே நெடுவல், பதினொரு வருடம் ஒரே நெருப்பில் இரண்டு பேரும் பற்றவைத்தார்கள். பெரிதாகக் கதைத்ததென்று இல்லை. அவனுடைய தாய் செத்தது அங்கேதான் சொன்னான், மதுராவின் கலியாணத்தை இவர் அங்கேதான் சொன்னார். இதை வாங்கினபிறகு இவர் அந்தப்பக்கம் போவதில்லை. புகை மணம் பட்டால் மனம் தடுமாறும் என்ற பயம். கழிவறைக்குள் நின்று நாலு இழுவை இழுத்துவிட்டு பஸ்ஸுக்குப் போய்விடுவார். மூன்று கிழமைக்கு முன்னம் யூசுப் வழிமறித்து, நான் உனக்கு ஏதும் பிழை செய்துபோட்டேனா சகோதரா என்று கேட்டான். இல்லை, சிகரெட்டை விட்டுவிட்டேன் என்றார். யூசுப் அவரை மேலும் கீழும் பார்த்து, சிகரெட்டைத்தானே என்று சொல்லிவிட்டுப் போனான். கெட்டிக்காரத்தனமாகச் சொன்னதென்று அப்போது கோபம் வந்தது. இப்போது தனியாகக் கிடக்க, அது கெட்டிக்காரத்தனமில்லை, தன்னையும் சேர்த்து விட்டுவிட்டாரா என்று அவன் உண்மையாகவே கேட்டிருக்கிறான் என்று பட்டது. பிள்ளைகளின் சத்தம் ஒரே வீச்சில் நின்றது. மணி அடித்திருக்கும். அந்த அமைதியில் ஏதோ ஒன்று சறுக்கியது. கட்டில் மெதுவாகச் சாய்ந்தது, ஆ, வருகிறது, பார்க்காதே, பார்த்தால் போய்விடும், படிக்கட்டில் ஈரக் காலடிகள், ஆரோ ஒரு பெண், கழுத்தில் அட்டை தொங்குகிறது, கண்ணாடியில் விரல் முட்டியால் தட்டுகிறாள், டக், டக், டக்.

துள்ளி எழும்பியபோது பனியன் முதுகோடு ஒட்டியிருந்தது. பத்து ஐம்பது. கனவில்லை, அது நேற்று நடந்தது. அதை நினைக்காமல் இருப்பதற்காகத்தான் விடிய வந்ததில் இருந்து சீலையையும் பார்மசியையும் யூசுப்பையும் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார் என்பது அவருக்குத் தெரியும். பூட்டிக் கிடக்கிற பெற்றோல் செட்டுக்குப் பக்கத்துச் சந்தி, சிக்னல் சிவப்பு. சிவப்பைக் கண்டது ஞாபகம் இருக்கிறது. பிரேக்கில் கால் வைத்தது ஞாபகம் இருக்கிறது. அடுத்தது டிரைவர் கூண்டின் கண்ணாடியில் தட்டின சத்தம். கறுப்பு இனத்துப் பெண், ஆஸ்பத்திரி வேலைக்காரியாக இருக்கவேண்டும், டிரைவர், உங்களுக்குச் சுகமில்லையா என்று கேட்டாள். லைட் இரண்டு தரம் பச்சையாகிச் சிவப்பாகிவிட்டது என்றாள். மன்னிக்கவேண்டும், ஒன்றுமில்லை என்றார். அவள் போய் உட்கார்ந்தாள், ஆனால் பின்சீற்றுக்குப் போகாமல் முன்சீற்றிலேயே, அவரைப் பார்த்தபடி, இறங்கும்வரைக்கும். இது போகட்டும். நின்ற பஸ்ஸில் கண்ணயர்ந்தது, ஆருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அவள் எங்கே ஏறினாள்? இதுதான் முள். சந்திக்கு முன்னம் இரண்டு பஸ் தரிப்பிடம், ஒன்று சேர்ச்சுக்கு முன்னால், ஒன்று நூலகத்தடியில். அந்த இரண்டையும் அவர் எவ்வளவு தோண்டினாலும் காணக் கிடைக்கவில்லை. அவள் ஏறியிருக்கிறாள் என்றால் பஸ் நின்றிருக்கிறது, கதவு திறந்திருக்கிறது, பயண அட்டை தட்டின சத்தம் கேட்டிருக்கிறது, திரும்ப ஓடியிருக்கிறது. இவ்வளவையும் ஆர் செய்தது? பன்னிரண்டு தொன் வண்டியை அந்த ஒரு மைல் தூரம் ஆர் ஓட்டியது? கை ஓட்டியது, கால் ஓட்டியது, தவநேசன் அதில் இருக்கவில்லை. நூலகத்தடியில் மஞ்சள் விளக்கு வைத்த பாதசாரிக் கடவை ஒன்று இருக்கிறது, அதில் விடியப்புறம் துப்புரவு வேலைக்குப் போகிற பெண்கள் குனிந்த தலை நிமிராமல் கடப்பார்கள். நேற்று கடந்தார்களா? கடந்தார்களா? கடந்திருந்தால் அவர் நிறுத்தினாரா? ஒன்றும் நடக்கவில்லை, நடந்திருந்தால் இந்நேரம் பொலிஸ் வந்திருக்கும். வந்து கதவைத் தட்டினால், நித்திரையில் கிடந்தேன் என்று சொல்லக்கூட முடியாது.

கை தலையணைக்குக் கீழே போய்த் தானாகவே வாய்க்கு வந்தது. நீல வெளிச்சத்தில் தன் விரலைப் பார்த்தார். இதையும் அவர் செய்யவில்லை. கைதான் செய்தது. வேலை செய்யுமிடத்தில் சொன்னால் என்ன ஆகும் என்று அறிந்து வைத்திருக்கிறார். உடனே வண்டியில் இருந்து இறக்குவார்கள், டொக்டர், பரிசோதனை, லைசென்ஸ் கடிதம், இரண்டு மாதமாகலாம், நாலு மாதமாகலாம். பதினேழு வருடத்தில் ஒரு கீறல் இல்லாத பேர். பேர் போனால் போகட்டும் என்று ஒரு பக்கத்தால் நினைத்தார், அதில் அவ்வளவு வலி இருக்கவில்லை, அது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. அப்படியென்றால் எதற்குப் பயம்? குப்புறக் கிடந்து, தலையணையில் மூக்கை அழுத்திக்கொண்டு யோசித்தார். இரவு. அதுதான். வேலை இல்லாவிட்டால் இரவு பத்து மணிக்கு இந்த வீட்டில் என்ன செய்வார்? பஸ்ஸில் என்றால் ஆட்கள் ஏறுவார்கள், இறங்குவார்கள், சிலர் தாங்ஸ் சொல்வார்கள், குடித்தவன் பாடுவான், ஆராவது ஒருவருடைய மூச்சு முதுகுப்பக்கம் இருந்துகொண்டே இருக்கும். இங்கே குளிர்ப்பெட்டி அடிக்கடி உறுமி நிற்கும், அவ்வளவுதான். அந்த ஒரு இரவுக்குப் பயந்துதான், அதற்காகத்தான், இன்றைக்கும் பத்தரைக்கு யூனிபோர்ம் போட்டுக்கொண்டு போய்க் கதிரையில் ஏறி இருக்கப் போகிறாரா? துணைக்கு அத்தனை பேரை ஏற்றிக்கொண்டு, அவர்களை நூலகத்தடி வரைக்கும் கொண்டுபோய்? இதை இவ்வளவு துலக்கமாக நினைத்ததும் அவர் எழும்பி இருந்துவிட்டார். நினைத்தது நினைத்ததுதான், அதை இனி மறுபக்கம் திருப்பி வைக்க ஏலாது. ஆனால் உடனே போனை எடுக்கவில்லை. கட்டிலின் விளிம்பில் காலைத் தொங்கவிட்டபடி, பன்னிரண்டேகாலுக்குத் தபால்காரன் கதவு ஓட்டைக்குள் எதையோ தள்ளிவிட்டுப் போகிறவரைக்கும், அப்படியே இருந்தார்.

பஸ்களை வழிநடத்துகிற கன்ட்ரோல் அறைக்குப் போன் எடுத்தபோது டெனிஸ் இருந்தாள். ஒவ்வொருநாளும் வானொலியில் கேட்கிற குரல், ஆளை மூன்று தரம்தான் நேரில் கண்டிருப்பார். சுகவீனம் என்று மட்டும் சொல்லலாம் என்று கடைசி நொடிவரைக்கும் ஒரு நினைப்பு இருந்தது. அவள் ஹலோ என்றதும், நேற்றிரவு ஸ்டியரிங்கில் நித்திரையாகிப் போனேன், அதற்கு முன்னம் ஒரு மைல் எனக்கு ஞாபகமில்லை, இன்றைக்கு நான் ஓட்டமாட்டேன் என்று ஒரே மூச்சில் சொன்னார். அவளுடைய விசைப்பலகைச் சத்தம் நின்றது. ஆருக்கும் காயமா என்று கேட்டாள். இல்லையென்று நினைக்கிறேன், கமெராவைப் பாருங்கள், நூலகத்தடிக் கடவையைப் பாருங்கள் என்றார். அவள் அவரைக் காத்திருக்கச் சொன்னாள். மூன்று நிமிடம் அவர் போனைக் காதோடு பிடித்துக்கொண்டு இருந்தார். அவள் திரும்பி வந்து, கடவையில் ஒருத்தரும் இல்லை, நீங்கள் வேகத்தைக் குறைத்திருக்கிறீர்கள், நூலகத்தடியில் நிறுத்தி ஒரு பெண்ணை ஏற்றியிருக்கிறீர்கள் என்றாள். நாளைக்குப் பத்து மணிக்கு வாருங்கள், டொக்டரைப் பார்க்க வேண்டிவரும், உங்கள் காரைத் தொடாதீர்கள், பஸ்ஸில் வாருங்கள் என்றாள். பிறகு, சொன்னதற்கு நன்றி, பலர் சொல்வதில்லை என்றாள். அவ்வளவுதான். திட்டு வாங்கத் தயாராக இருந்த உடம்பு, அது கிடைக்காமல், என்ன செய்வதென்று தெரியாமல் நின்றது. நூலகத்தடியில் ஏறியிருக்கிறாள். முள் வெளியே வந்துவிட்டது. வந்த இடத்தில் ஓட்டை மட்டும் இருந்தது.

அந்த ஓட்டையோடுதான் இந்திராணிக்குப் போன் எடுத்தார். என்ன சொல்வதென்று ஒழுங்குபடுத்தி வைத்திருந்தார். சிகரெட்டை மாத்தினதிலையிருந்து கொஞ்சம் நித்திரைக் குறைவு, டொக்டர் பார்ப்பார், பயப்பட ஒன்றுமில்லை. அவள் இரண்டாவது தரம் மணி அடிக்கிறபோதே எடுத்தாள். குரல் அடங்கியிருந்தது, பிள்ளை மடியில் கிடக்கிறதென்று விளங்கியது.

“என்ன இந்த நேரம்? நீங்கள் படுக்கேல்லையோ?”

“நித்திரை வரேல்லை.”

“இண்டைக்கோ?”

“இல்லை. கனநாளா.”

“எத்தினை நாளா?”

சிகரெட்டை மாத்தினதிலையிருந்து என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். “நீர் போனதிலையிருந்து” என்று வந்தது.

சொன்னபிறகு அதைத் திருப்பி எடுக்க ஏதாவது செய்யவேண்டும்போல இருந்தது, ஒன்றும் செய்யவில்லை. அந்தப்பக்கம் பிள்ளை ஒரு சின்ன ஏப்பம் விட்டது. இந்திராணி அதன் முதுகைத் தட்டுவது கேட்டது. பிறகு, நான் கேட்டனான்தானே, கஷ்டமோ எண்டு என்றாள், கோபமில்லாமல், தன்னையே கேட்பதுபோல. ஓம் என்றார். அப்ப ஏன் சொல்லேல்லை என்றாள். பதில் இருந்தது, ஆனால் ஐம்பத்தாறு வயதில் ஒரு ஆம்பிளை அதை எந்தச் சொல்லில் சொல்வான்? அதற்குப் பதிலாக நேற்று நடந்ததைச் சொன்னார், சிவப்பையும், தட்டினவளையும், ஞாபகத்தில் இல்லாத ஒரு மைலையும், டெனிஸையும். தலையணைக்குக் கீழே இருப்பதையும் சொன்னார். அழுகிறாளோ என்று நினைத்தார், அழவில்லை. மதுராவோடை கதைக்கவேணும் என்றாள். வாறன் என்று சொல்லவில்லை. அவரும் வா என்று கேட்கவில்லை. கேட்கவேண்டியதில் பாதியைச் சொல்லியாகிவிட்டது, மற்றப் பாதிக்கு அவளுக்கும் ஒரு பிள்ளை, ஒரு பேரப்பிள்ளை, அவளுடைய யோசனைகள் இருக்கும்.

“அப்ப இண்டைக்கு ராவு வீட்டிலை நிப்பியள்.”

“ஓம்.”

“என்ன செய்யப்போறியள்?”

“தெரியேல்லை.”

“உங்களுக்கு ராவெண்டால் இஞ்சை பின்னேரம்தானே” என்றாள் இந்திராணி. “நான் சமைச்சுக்கொண்டு நிப்பன். பத்துமணிக்கு எடுங்கோ. கதைக்க ஒண்டும் இல்லாட்டிலும் பரவாயில்லை, போனை வைக்காமல் இருங்கோ.”

சரி என்றார். சரி என்று சொன்ன குரல் தனக்கே பழக்கமில்லாததாக இருந்தது. போனை வைத்துவிட்டு எழும்பி, கவ்விகள் நாலையும் ஒவ்வொன்றாகக் கழற்றிச் சீலையை விலக்கினார். மதியம் ஒரு மணி. வெளியே வெயில் கண்ணைக் குத்தியது. எதிர்வீட்டுக்காரி மதில்மேல் ஒரு காலணியைக் காயவைத்திருந்தாள். நித்திரை வரவில்லை, கண் இரண்டும் எரிந்தது, வாய் அந்த மாம்பழத்தைக் கேட்டது, கேட்கட்டும் என்று கொஞ்ச நேரம் விட்டார், பிறகு கொடுக்கவும் கொடுத்தார். இருட்ட இன்னும் எட்டு மணித்தியாலம் இருந்தது. தவநேசன் கட்டிலில் இருந்துகொண்டு, இரவு வரட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.